ராஜா தொண்டையும் டீச்சர் தொண்டையும்: டாக்டர் பதில்கள்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல "ஒரு ஜெர்மன் ராஜாவோட தொண்டைய பார்த்து பேரு கெட்டுப்போன லண்டன் டாக்டர்"னு ஒரே ஒரு வரி எழுதிட்டு நான் பாட்டுக்கு போயிட்டேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் கொஞ்ச நஞ்சம் இல்ல, யாரு அவரு என்ன ஆச்சுன்னு ஒரே நச்சரிப்பு. சரி, இந்த இதழ் முழுக்க தொண்டைதான். காது, மூக்கு கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல வரும்.

கேள்வி: யார் சார் அந்த டாக்டர்? 31 வருஷம் ஹிஸ்டரி எடுத்தவன் நான், எனக்கே தெரியல. முழுசா சொல்லுங்க. (ரிட்டயர்டு வாத்தியார், காரைக்குடி)

பதில்: அவர் பேரு மோரல் மெக்கன்சி சார். 1837ல லண்டன் பக்கம் லெய்ட்டன்ஸ்டோன்ல பொறந்தவரு. அப்பாவும் டாக்டர்தான், ஆனா குதிரை வண்டில இருந்து விழுந்து 1851லயே போயிட்டாரு, அதனால பையன் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கிளார்க்கா சேர்ந்துட்டு சாயங்காலம் கிங்ஸ் காலேஜ் நைட் கிளாஸ் போய் படிக்கிறான், அப்புறம் சொந்தத்துல ஒரு அம்மா காசு குடுத்து உதவினதுல லண்டன் ஹாஸ்பிட்டல்ல சேர்ந்து டாக்டர் ஆகுறான். முடிச்ச கையோட பாரிஸ், வியன்னா, புடாபெஸ்ட்னு ஒரு ரவுண்டு. அந்த புடாபெஸ்ட்லதான் செர்மாக்னு ஒரு புரொபசர், சின்ன கண்ணாடிய தொண்டைக்குள்ள விட்டு குரல்வளைய உயிரோட இருக்கிற மனுஷன்கிட்டயே பார்க்கிற வித்தைய இவருக்கு காட்டுறாரு. 1859. அதுக்கு முன்னாடி வரைக்கும் வோக்கல் கார்டுல, அதாவது குரல் நாண்ல, கட்டி இருக்கா புண்ணு இருக்கான்னு பெரும்பாலும் ஆள் செத்ததுக்கு அப்புறம் அறுத்து பார்த்துதான் தெரியும், அத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

லண்டன் திரும்பி வந்து 1863ல, வயசு 26, தொண்டைக்கு மட்டும்னு ஒரு இலவச டிஸ்பென்சரி ஆரம்பிச்சாரு. உலகத்துலயே தொண்டைக்குன்னு தனியா வந்த முதல் ஆஸ்பத்திரி அதுதான்னு சொல்வாங்க. ரெண்டு வருஷத்துல கோல்டன் ஸ்கொயருக்கு மாறிடுச்சு. இன்னைக்கு நமக்கு முழங்காலுக்கு ஒரு டாக்டர் தோளுக்கு ஒரு டாக்டர்னு பழகிப்போச்சு, ஆனா அன்னைக்கு லண்டன்ல பெரிய டாக்டருங்களுக்கு ஸ்பெஷலிஸ்ட்னாலே இளக்காரம், உடம்பை கூறு போட்டு காசு பார்க்கிறவன்னு பேச்சு. மெக்கன்சியும் லேசுப்பட்ட ஆள் இல்ல, வாய் ஜாஸ்தி, சண்டைன்னா முதல் ஆளா நிப்பாரு. அதே 1863ல குரல்வளை நோய் பத்தி எழுதின கட்டுரைக்கு ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ்ல ஜாக்சோனியன் பரிசு வேற வாங்கிட்டாரு, எப்படி பொறுப்பாங்க.

ஆனா கை இருக்கே, அதுல எதிரிக்கும் சந்தேகம் கிடையாது. 1871ல ஒரு புத்தகம் போட்டாரு, குரல்வளைக்குள்ள வளர்ற கட்டிங்க பத்தி, வரிசையா 100 பேஷன்ட்டு, தான் பார்த்த 100 கேஸையும் ஒண்ணு விடாம எழுதி. அந்த 100 கேஸ் எப்படி பண்ணாருன்னு யோசிச்சு பாருங்க. மயக்க மருந்து குடுத்தா பேஷன்ட் உக்கார முடியாது, குடுக்கலன்னா குமட்டும். கொக்கெய்ன தடவி மரத்துப்போக வைக்கலாம்னு தெரிஞ்சதே 1884லதான், அந்த வருஷம் கோலர்னு ஒருத்தர் வியன்னால கண்ணுக்கு போட்டு காட்டினாரு, அதே வருஷம் தொண்டைக்கும் வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி பேஷன்ட்ட திரும்ப திரும்ப வரவச்சு, தொண்டைய தொட்டு தொட்டு பழக்கி, குமட்டாம உக்கார கத்துக்குடுக்கணும். அப்புறம் ஒரு கைல கண்ணாடி, ஒரு கைல ஃபோர்செப்ஸ்னு வளைஞ்ச இடுக்கி, கண்ணாடில முன்பக்கம் இருக்கிறது பின்பக்கம் மாதிரி தலைகீழா தெரியும், அத பார்த்துக்கிட்டே 2 சென்டிமீட்டர் வாக்குல நீளம் உள்ள வோக்கல் கார்டு மேல இருக்கிற மிளகளவு கட்டிய மட்டும் கவ்வி எடுக்கணும், அதுக்குள்ள அந்தாளு முழுங்கினாலோ இருமினாலோ போச்சு. அந்த ஃபோர்செப்ஸையே தனக்கு ஏத்த மாதிரி அவரே டிசைன் பண்ணி வச்சிருந்தாரு, ரொம்ப காலம் அவர் பேர்லயே வித்துச்சு. நான் படிக்கும்போது பழைய டாக்டருங்க கண்ணாடிய வச்சு பார்க்கிறத பார்த்திருக்கேன், பார்க்கிறதே கஷ்டம், இதுல எடுக்கிறது வேற.

1880லயும் 1884லயும் ரெண்டு பாகமா தொண்டை மூக்கு நோய்களுக்கு பெரிய பாடப்புத்தகம் எழுதினாரு, அது ஜெர்மன்லயும் வந்துச்சு. 1887ல தொண்டைக்குன்னு ஒரு மருத்துவ பத்திரிகையும் சேர்ந்து ஆரம்பிச்சாரு, அது இன்னைக்கும் வந்துக்கிட்டு இருக்கு. அதே 1887லதான் பெர்லின்ல இருந்து அழைப்பு வருது.

கேள்வி: தொண்டைக்குள்ள பார்க்கிற கண்ணாடிய கண்டுபிடிச்சது ஒரு பாட்டு வாத்தியார்னு எங்க மிஸ் சொன்னாங்க. உண்மையா டாக்டர்? (பாட்டு கத்துக்கிற பொண்ணு, திருவையாறு)

பதில்: உண்மைதான்மா. மானுவல் கார்சியா, ஸ்பெயின் நாட்டு பாடகர் குடும்பம், லண்டன்லயும் பாரிஸ்லயும் பாட்டு சொல்லிக்குடுத்தவரு. 1854ல பாரிஸ்ல பல்டாக்டர் வச்சிருக்கிற மாதிரி நீளக்கம்பி போட்ட குட்டி கண்ணாடி ஒண்ணு வாங்கி, சுடுதண்ணில காட்டி, தன் தொண்டைக்குள்ளயே விட்டு, இன்னொரு கைக்கண்ணாடியால சூரிய வெளிச்சத்த உள்ள திருப்பி விட்டு தன் குரல்வளைய தானே பார்த்தாரு. சுடுதண்ணி எதுக்குன்னா மூச்சு பட்டு கண்ணாடி மங்காம இருக்க, இன்னைக்கும் கண்ணாடி வச்சு பார்க்கிற டாக்டர் அதத்தான் பண்றாரு. பாடும்போது கார்டு எப்படி நெருங்குது எப்படி விலகுதுன்னு எழுதி 1855ல லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினாரு. டாக்டருங்க யாரும் பெருசா கண்டுக்கல. அப்புறம் வியன்னால டர்க்னு ஒரு டாக்டர் பேஷன்ட்டுங்களுக்கு பண்ணி பார்க்க, அவர்கிட்ட கண்ணாடிய கடன் வாங்கிட்டு போன நம்ம செர்மாக் விளக்கு வெளிச்சத்துல பண்ணி பேர தட்டிட்டு போக, ரெண்டு பேருக்கும் யாரு முதல்லனு பெரிய சண்டை. நடுவுல வாத்தியார் பாட்டுக்கு பாட்டு சொல்லிக்குடுத்துக்கிட்டு 101 வயசு வரைக்கும் இருந்துட்டு போனாரு.

உனக்கு உபயோகமான சங்கதி ஒண்ணும் இருக்கு. ஜென்னி லிண்டுனு ஸ்வீடன்ல ஒரு பெரிய பாடகி, 1841ல குரல் நாசமாகி இவர்கிட்ட வந்தப்ப, இவர் முதல்ல பாட்டே எடுக்கல, சில வாரம் வாயவே தொறக்காதன்னு அனுப்பிட்டாரு. அதுக்கு அப்புறம்தான் பாடம். கச்சேரிக்கு முந்தின நாள் தொண்டை கட்டியும் பாடியே தீருவேன்னு அடம் பிடிக்கிற பிள்ளைங்க இத படிக்கட்டும்.

கேள்வி: அப்போ ராஜா விஷயத்துல மெக்கன்சி தப்பா பார்த்துட்டாரா? ஒரு டாக்டர் தப்பு பண்ணதால ஜெர்மனி சரித்திரமே மாறிடுச்சுன்னு யூடியூப்ல ஒருத்தர் அடிச்சு பேசுறாரு. (வாசகர், ஓசூர்)

பதில்: யூடியூப்ல எல்லாமே அடிச்சுதான் பேசுவாங்க. நடந்தத சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க.

ஜெர்மனி பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக், விக்டோரியா ராணியோட மூத்த மாப்பிள்ளை, பைப் பிடிக்கிற பழக்கம் உள்ளவரு. 1887 ஜனவரில குரல் கம்ம ஆரம்பிக்குது. மார்ச்ல கெர்ஹார்ட்ங்கிற பெர்லின் புரொபசர் பார்த்து இடது வோக்கல் கார்டுல சின்னதா ஒரு வளர்ச்சி இருக்குங்கிறாரு. கம்பி வளையம் போட்டு இழுத்து பார்த்தாரு, வரல. சரின்னு பழுக்க காய்ச்சின பிளாட்டின கம்பியால திரும்ப திரும்ப சுட்டு பார்த்தாரு, பலதடவை. அதுவும் திரும்ப வளருது. மே மாசம் பெர்க்மன்ங்கிற பெரிய சர்ஜன், இது கேன்சர்தான், கழுத்த தொறந்து எடுத்துடலாம்னு மே 21க்கு நாளும் குறிச்சாச்சு. அதுக்கு முன்னாடி இன்னொருத்தர் பார்க்கட்டும்னு மெக்கன்சி பேர சொன்னதே ஜெர்மன் டாக்டருங்கதான், புத்தகம்தான் அங்கயும் இருக்கே. இங்கிலீஷ் பொண்டாட்டி இங்கிலீஷ் டாக்டர கூட்டிட்டு வந்து புருஷன கெடுத்துட்டாங்கிறது பின்னாடி கட்டிவிட்ட கதை.

மெக்கன்சி மே 20 வந்து சேர்ந்தாரு, பார்த்தாரு, எனக்கு கேன்சர் மாதிரி தெரியல, அந்த வளர்ச்சில ஒரு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்க்காம யாரும் கழுத்துல கத்தி வைக்கக்கூடாதுன்னாரு. துண்ட பார்த்தது யாரு தெரியுமா, விர்ஷோ. உடம்போட செல்லுல நோய தேடுற செல் நோயியலுக்கே அப்பா அந்தாளு. அவர் கேன்சர் இல்லன்னுட்டாரு. மறுபடி துண்டு, ஜூன்ல இன்னும் பெருசா ஒண்ணு, அப்பவும் இல்லன்னுட்டாரு. ஆபரேஷன் நின்னுச்சு. ஃபிரெடரிக் லண்டன் போய் மாமியாரோட பொன்விழா ஊர்வலத்துல குதிரைல வந்தாரு, மெக்கன்சிக்கு செப்டம்பர்ல சர் பட்டம். எல்லாரும் சந்தோஷம். நவம்பர்ல இத்தாலி சான் ரெமோல இருக்கும்போது புதுசா இன்னொரு இடத்துல வளர்ச்சி தெரியுது, இந்த தடவை யாருக்கும் சந்தேகம் இல்ல, மெக்கன்சிக்கும் இல்ல. 1888 பிப்ரவரி 9 மூச்சு விட கழுத்துல ஓட்டை போட்டாங்க. மார்ச் 9 அப்பா ராஜா போயிட்டாரு, இவர் சக்கரவர்த்தி. பேச முடியாது, எல்லாம் சீட்டுல எழுதி காட்டித்தான். 99 நாள். ஜூன் 15 போயிட்டாரு, மறுநாள் அறுத்து பார்த்து கேன்சர்னு உறுதி பண்ண டாக்டருங்கள்ல அதே விர்ஷோவும் ஒருத்தர்.

என் அபிப்பிராயம் கேக்குறீங்கன்னா, மே மாசம் மெக்கன்சி சொன்னதுல தப்பே இல்ல. துண்டு எடுத்து பார்க்காம பெரிய ஆபரேஷன் கூடாதுங்கிறது இன்னைக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரிலயும் சட்டம் மாதிரி. அன்னைக்கு குரல்வளை ஆபரேஷன்ல ஆள் பொழைக்கிறதே சந்தேகம், வியன்னால பில்ராத் முதல் தடவையா முழு குரல்வளைய எடுத்தது 1873 கடைசி நாள், அந்த பேஷன்ட் சில மாசம்தான் இருந்தாரு. பெர்க்மன் வெட்டியிருந்தா ராஜா டேபிள்லயே போயிருக்கவும் நல்ல சான்ஸ் உண்டு, கெர்ஹார்ட் சுட்டு சுட்டு வச்சிருந்த இடம் வேற. ஆனா ஒரு துண்டு தன்ன பத்தி மட்டும்தான் சொல்லும், பக்கத்துல ஒரு மில்லிமீட்டர் தள்ளி என்ன இருக்குன்னு அதுக்கு தெரியாது. இல்லன்னு ரிசல்ட் வந்தாலும் கட்டி திரும்ப திரும்ப வளருதுன்னா திரும்ப திரும்ப சந்தேகப்படணும். ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் அந்த சந்தேகத்த அவர் ஓரமா வச்சுட்டாருன்னுதான் நான் நினைக்கிறேன். சர் பட்டமும் பேப்பர்காரங்களும் சுத்தி நிக்கும்போது சந்தேகப்படறது கஷ்டம்.

இதுக்கு மேல பண்ணதுதான் அவருக்கு வினை. ஜெர்மன் டாக்டருங்க அவர் மேல பழி போட்டு அறிக்கை விட்டாங்க, நல்லா இருந்த வலது கார்டையும் ஃபோர்செப்ஸால காயப்படுத்திட்டாருன்னு கெர்ஹார்ட் சொன்னாரு. இவர் சும்மா இருந்திருக்கலாம். இல்ல, அதே 1888ல பேஷன்ட் கதையவே புத்தகமா போட்டு ஒவ்வொருத்தரையும் வறுத்தெடுத்துட்டாரு. பேஷன்ட் ரகசியத்த விலைக்கு வித்த மாதிரி ஆச்சுன்னு ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் கண்டனம் பண்ணுச்சு. 1892ல 54 வயசுல போயிட்டாரு. சரித்திரம் மாறிச்சா, ஃபிரெடரிக் இருந்திருந்தா முதல் உலகப்போர் வந்திருக்காதான்னு கேட்டா அது காரைக்குடி வாத்தியார் டிபார்ட்மென்ட், எனக்கு தொண்டை மட்டும்தான் தெரியும்.

கேள்வி: 5ஆம் கிளாஸ் டீச்சர் நான். ஜூன்ல ஸ்கூல் தொறந்தா ஆகஸ்ட்டுக்குள்ள குரல் போயிடுது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் போட்டாச்சு. குசுகுசுன்னு பேசி சமாளிக்கிறேன். என்ன பண்ணட்டும்? (பேர் போட வேணாம்னு கேட்ட டீச்சர், தஞ்சாவூர்)

பதில்: டீச்சர், முதல்ல அந்த குசுகுசு பேச்ச நிறுத்துங்க. நிறைய பேருக்கு குசுகுசுன்னு பேசும்போது தொண்டை இன்னும் இறுகுது, ரெஸ்ட்டு குடுக்கிறதா நினைச்சுக்கிட்டு கூட கொஞ்சம் கெடுக்கிறோம். பேசணும்னா மெதுவா சாதாரண குரல்ல பேசுங்க, இல்லன்னா பேசாதீங்க.

பனங்கற்கண்ட பத்தி கேட்டா கோவம் வரும், ஆனாலும் சொல்லணும். நீங்க முழுங்கற எதுவும் வோக்கல் கார்ட தொடாது. கார்டு இருக்கிறது மூச்சுக்குழாய் வாசல்ல, சாப்பாடு போறது அதுக்கு பின்னாடி இருக்கிற குழாய்ல. ஒரு சொட்டு காபி அந்தப்பக்கம் போனாலே புரை ஏறி கண்ணுல தண்ணி வருதே, அதுதான். பனங்கற்கண்டு தொண்டைக்கு மேல்பகுதிக்கு இதமா இருக்கும், சாப்பிடுங்க, வேணாம்னு சொல்லல, கார்டுல இருக்கிற வீக்கத்த அது கரைக்காது. தண்ணி குடிக்கிறது உடம்பு முழுக்க ஈரமா இருக்க உதவும், ஆவி பிடிச்சா அந்த ஈரக்காத்து நேரா கார்டு வரைக்கும் போகும். கனைச்சு கனைச்சு தொண்டைய சுத்தம் பண்றீங்க பாருங்க, அது ரெண்டு கார்டையும் படார்னு அறையறது, அதுக்கு பதிலா ஒரு வாய் தண்ணி முழுங்குங்க.

பொம்பளைங்க குரல் செகண்டுக்கு கிட்டத்தட்ட 200 தடவை அந்த ரெண்டு கார்டையும் மோத விடுது. மொத்தமா 10 நிமிஷம் குரல் ஓடினாலே 1,20,000 மோதல். 40 பிள்ளைங்க இரைச்சலுக்கு மேல கத்தி பேசினா ஒவ்வொரு மோதலும் பலமா விழும். அப்படி விழுந்து விழுந்து கார்டோட முன்பக்கம் மூணுல ஒரு பங்கு முடியுற இடத்துல ரெண்டு பக்கமும் காய்ப்பு காச்சுடும், நாட்யூல்னு சொல்றோம். உங்களுக்கு அதுவா இருக்கலாம், ஆனா கடுதாசிய படிச்சிட்டு நான் சொல்லக்கூடாது, உள்ள பார்க்கணும். ஸ்ட்ரோபோஸ்கோப்பி இருக்கிற இடமா பாருங்க, விட்டு விட்டு அடிக்கிற லைட்ல கார்டு அதிர்றது ஸ்லோ மோஷன்ல தெரியும். 1878லயே மியூனிக்ல ஓர்டெல்ங்கிறவரு பண்ணி பார்த்த ஐடியா, இன்னைக்கு கேமராவோட வருது. நாட்யூல்னா ஆபரேஷனுக்கு ஓடாதீங்க, முதல்ல ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட போய் எப்படி பேசறதுன்னு கத்துக்கணும், முக்கால்வாசி அதுலயே சரியாகும். எடுத்துட்டு வந்து அதே மாதிரி கத்தினா அதே இடத்துல திரும்ப வரும். அப்புறம், இடுப்புல மாட்டிக்கிற சின்ன ஸ்பீக்கர் மைக் ஆன்லைன்லயே கிடைக்குது, ஹெச்.எம். முறைச்சாலும் பரவாயில்ல மாட்டிக்கோங்க.

கேள்வி: என் பையனுக்கு 19 வயசு. மீசை வந்துடுச்சு, குரல் மட்டும் இன்னும் பொண்ணு மாதிரியே இருக்கு. போன்ல பேசினா "மேடம்"ங்கிறாங்க. காலேஜ்ல கிண்டல் தாங்காம பேசறதையே குறைச்சிட்டான். ஹார்மோன் ஊசி போடலாமா? (ஒரு அம்மா, விருதுநகர்)

பதில்: அம்மா, ஊசி எதுவும் போட்டுடாதீங்க. மீசை வந்திருக்கு, உடம்பு வளர்ந்திருக்குன்னா ஹார்மோன் வேலைய பார்த்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், சந்தேகம் இருந்தா டாக்டர் ஒரு ரத்த டெஸ்ட்டுல பார்த்துடுவாரு. மகரக்கட்டு வர்ற வயசுல குரல்வளை திடீர்னு பெருசாகும், சில பையன்களுக்கு குரல்வளை வளர்ந்துடும் ஆனா பழைய குரல்லயே பேசற பழக்கம் விடாது. தசைய இழுத்து பிடிச்சு மேல் ஸ்தாயிலயே நின்னுடுவாங்க. கட்டைக்குரல் உள்ளதான் இருக்கு, அவன் இரும சொல்லி கேளுங்க, பெரும்பாலும் இருமல்ல ஆம்பளை குரல் வரும்.

நல்ல ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைச்சா சில வாரத்துலயே குரல் இறங்கிடும், சில பேருக்கு முதல் தடவையே. கேட்டு அந்த அம்மாங்க அழுதுருவாங்க, பையனுக்குத்தான் கூச்சமா இருக்கும், புதுக்குரல் தன்னோடது மாதிரியே இருக்காது, வீட்ல யாரும் அத வச்சு கேலி பண்ணாதீங்க.

தெரபில சரியாகாத கொஞ்ச பேருக்கு ஒரு ஆபரேஷன் இருக்கு. அதுக்கு ஜப்பான்ல கியோட்டோ யுனிவர்சிட்டி டாக்டர் நோபுஹிகோ இஷிகி காரணம். அவர் காலம் வரைக்கும் குரல மாத்தணும்னா பெரும்பாலும் கார்டையே தொட்டாங்க. இவர் கார்ட தொடவே வேணாம், அது மாட்டியிருக்கிற குருத்தெலும்ப நகர்த்தினா போதும்னாரு, வீணைல தந்திய தொடாம பிருடைய திருகுற மாதிரி. 1974ல நாலு வகையா வெளியிட்டாரு. முதல் வகை செயலிழந்த கார்ட நடுவுக்கு தள்ளுறது, தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் காத்தா பேசறவங்களுக்கு இன்னைக்கும் அதுதான். ரெண்டாவது விலக்கி வைக்கிறது. மூணாவது தளர்த்தி குரல இறக்குறது, உங்க பையன் மாதிரி பிள்ளைங்களுக்கு. நாலாவது இழுத்து கட்டி குரல ஏத்துறது. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா பேஷன்ட்ட முழிச்சிருக்க வச்சு, கழுத்துல மட்டும் மரத்துப்போற ஊசி போட்டு, பேச சொல்லி கேட்டுக்கிட்டே எவ்வளவு நகர்த்தணும்னு முடிவு பண்றது. சர்ஜனுக்கு கண்ணு கை மட்டும் போதாது, காதும் வேணும்னு ஆச்சு. ஆனா அம்மா, உங்க பையனுக்கு அது வரைக்கும் போகாது, முதல்ல தெரபி.

கேள்வி: பொண்ணு எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டா. இ.என்.டி. படிச்சு அதுலயும் குரலுக்கு மட்டும் டாக்டரா வரணும்கிறா. சோறு போடுமா சார்? (ஒரு அப்பா, திருநெல்வேலி)

பதில்: போடும் சார். கொஞ்சம் லேட்டா போடும். மூணு வருஷம் எம்.எஸ்., அதுக்கு மேல குரல்வளைக்குன்னு ஃபெலோஷிப், அப்புறம் கேமரா ஸ்ட்ரோபோ லேசர்னு சாமானுக்கே பெரிய செலவு, சொந்த ஊர்ல தனியா உக்கார்ந்து குரல் மட்டும் பார்ப்பேன்னா முதல்ல ஈ ஓட்டணும், அதனால காது மூக்கும் சேர்த்து பார்த்துக்கிட்டே வளர்றதுதான் நடைமுறை.

ஆனா படிக்க ஆசை உள்ள பொண்ணா இருந்தா இது மாதிரி துறை கிடையாது. 1960கள்ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஹான்ஸ் வான் லீடன்னு ஒரு டாக்டர் இருந்தாரு, குரலுக்காக பண்ற ஆபரேஷனுக்கு ஃபோனோசர்ஜரின்னு பேரு புழக்கத்துக்கு வந்ததுல அவர் பங்கு உண்டு. அவரோட ஆராய்ச்சி பண்ண ஜப்பான்ல இருந்து போனவங்கதான் மேல சொன்ன இஷிகியும், மினோரு ஹிரானோங்கிறவரும். பேஷன்ட் எவ்வளவு நேரம் ஒரே மூச்சுல "ஆ" சொல்றாங்க, அதுல எவ்வளவு காத்து செலவாகுதுன்னு அளந்து எழுதினாங்க. கேக்க அல்பமா இருக்கும். இன்னைக்கும் என் ரூம்ல வர்ற ஒவ்வொரு பேஷன்ட்டையும் மூச்ச இழுத்து "ஆ" சொல்ல சொல்லி வாட்ச் பார்க்கிறேன், 10 செகண்ட் தாண்டலன்னா எங்கயோ காத்து ஒழுகுது.

ஹிரானோ குரூமே யுனிவர்சிட்டிக்கு திரும்பி போய் கார்ட மைக்ராஸ்கோப்ல அடுக்கு அடுக்கா பிரிச்சு பார்த்தாரு. மொத்தம் அஞ்சு அடுக்கு, மேல தோல், நடுவுல மூணு, அடில தசை. மேல் பக்கம் ஜெல்லியாட்டம் இளகின பகுதிதான் அலை அலையா அதிருது, தசை அடியில தாங்கி நிக்குதுன்னு 1974ல எழுதினாரு. அதுக்கு அப்புறம்தான் உலகம் முழுக்க சர்ஜனுங்க கார்ட சுரண்டறத விட்டாங்க. அதுவரைக்கும் கட்டி இருந்தா தோல உரிச்சு எடுத்துடுவாங்க, கட்டி போயிடும், குரலும் போயிடும்.

பொண்ணுகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ஸ்பீச் தெரபிஸ்ட்ட அசிஸ்டென்ட் மாதிரி நடத்துற டாக்டரா வராதன்னு. மைசூர்ல 1965ல இருந்து அதுக்குன்னே அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கு, அங்க போய் கொஞ்ச நாள் உக்கார்ந்து பார்த்துட்டு வரட்டும். குரல் டாக்டர் பாதி வேலைய அவங்கதான் பண்றாங்க.

கேள்வி: மிமிக்ரி பண்ணா தொண்டை கெட்டுடுமா? (தம்பி ஒருத்தர், மதுரை)

பதில்: வலிக்கிற குரல விட்டுடு தம்பி, வலிக்காதத பண்ணு.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு, பீடி பழக்கம். ரெண்டு மாசமா குரல் கம்மியே இருக்கு, வலி இல்லங்கிறாரு. சளின்னு மருந்துக்கடைல மாத்திரை வாங்கி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. பயப்படணுமா? ஒருவேளை குரல்வளைய எடுக்க வேண்டி வந்தா பேச்சே போயிடுமா? (வாசகி, அரக்கோணம்)

பதில்: உங்களுக்கு போன்லயே சொல்லிட்டேன்மா, இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்கிற கேள்வி இல்ல இது. மத்தவங்களுக்காக இங்கயும் போடுறேன். புகை பழக்கம் உள்ளவருக்கு மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மி இருந்தா வலி இருக்கோ இல்லையோ உள்ள கேமரா விட்டு பார்த்தே ஆகணும். வலி இல்லங்கிறது நல்ல சேதி இல்ல, ஆரம்பத்துல வலிக்காது. ஃபிரெடரிக்குக்கும் முதல்ல வெறும் குரல் கம்மல்தான்.

கார்டுல வர்ற கேன்சர் ரொம்ப சீக்கிரம் குரல மாத்தி காட்டிக்குடுத்துடும், கார்டுல நிணநீர் பாதை கம்மிங்கிறதால சீக்கிரம் பரவவும் பரவாது. கார்டோட நிக்கும்போதே பிடிச்சா இன்னைக்கு லேசர்லயோ ரேடியேஷன்லயோ 10 பேர்ல 9 பேருக்கு கட்டுக்குள்ள வந்துடும், குரல்வளைய எடுக்கவே வேண்டாம். துண்டு எடுத்து கேன்சர் இல்லன்னு வந்தாலும் குரல் சரியாகலன்னா திரும்ப போங்க, ஏன்னு மேல ஓசூர்காரருக்கு சொன்ன பதில்ல இருக்கு.

முத்திப்போய் எடுத்தே ஆகணும்னாலும் பேச்சு போயிடாது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல சின்ன ஓட்டை போட்டு ஒரு வால்வு வைப்பாங்க, அமெரிக்கால சிங்கர்னு ஒரு சர்ஜனும் புளோம்னு ஒரு ஸ்பீச் தெரபிஸ்டும் சேர்ந்து 1980 வாக்குல கொண்டு வந்தது. மூச்சு விட கழுத்துல போட்டிருக்கிற ஓட்டைய விரலால மூடி பேசினா காத்து அந்த வால்வு வழியா போய் உணவுக்குழாய் மேல்பகுதிய அதிர வைக்கும், கட்டையா ஒரு குரல் வரும், வீட்ல எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டு வால்வு ஆயிரக்கணக்குல விலைன்னு பெங்களூரு கேன்சர் சர்ஜன் விஷால் ராவ் "ஓம்"னு ஒண்ணு பண்ணாரு, அது 50 ரூபாய்க்குள்ள அடங்கும்னு 2015 வாக்குல பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. எந்த வால்வா இருந்தாலும் காலத்துக்கும் வராது, பூஞ்சை பிடிச்சு சில மாசத்துல ஒழுக ஆரம்பிக்கும், மாத்தணும். அதனால எடுக்கணும்னு டாக்டர் சொன்னா, வால்வு இங்கயே வைப்பீங்களா, ஒழுகினா யார் மாத்துவாங்க, ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும், இதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. கேமரா டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்க.